மேல்மாடியில் அம்மை, கீழ்வீட்டில் கைக்குழந்தை

கேள்வி:

"வணக்கம் டாக்டர். எங்களுக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். கணவர் வேலைக்காக ஒன்றரை வருஷத்துக்கு முன் சென்னைக்கு வந்தோம். மூன்று மாடிக் கட்டடம், ஆறு குடித்தனம், எல்லோருக்கும் ஒரே மாடிப்படி. பையனுக்கு இரண்டரை வயது, பாப்பாவுக்கு ஏழு மாதம். பையனுக்கு ஒன்பது மாத ஊசி ஊரிலேயே போட்டோம். அதற்கடுத்த ஊசி வீடு மாறின அலைச்சலில் விட்டுப்போனது. அட்டையும் எங்கே என்று தெரியவில்லை. பாப்பாவுக்கு ஊசி போட இங்கே போனபோது அவனும் கூடத்தான் வந்தான், யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போன சனிக்கிழமை மேல்மாடியில் நாலு வயதுப் பையனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. தட்டம்மை என்று டாக்டர் சொன்னாராம். வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். வியாழக்கிழமை வரை எங்கள் பையனும் அவனும் மொட்டைமாடியில் ஒன்றாகத்தான் விளையாடினார்கள். கட்டடத்தில் அம்மை இருக்கும்போது ஊசி போடக்கூடாது, ஆத்தாவுக்கு ஆகாது என்கிறார் என் மாமியார். பையனுக்கு இப்போது போடலாமா? பாப்பாவை என்ன செய்வது? எங்கள் கிராமத்தில் நான் தட்டம்மையைப் பார்த்ததே இல்லை. இங்கே மட்டும் ஏன் வருகிறது?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. அவசரமானதை அன்றே இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிட்டேன்: பையனைத் தாமதிக்காமல் கூட்டிப்போய் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்த தடுப்பூசி) ஊசி போடுங்கள், பாப்பாவைக் குழந்தை மருத்துவரிடம் காட்டி, மேல்வீட்டில் தட்டம்மை இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்களைப் போலவே ஊரிலிருந்து வந்து, ஒரு ஊசியை விட்டுவிட்டு, அட்டையைத் தேடிக்கொண்டிருக்கும் வீடுகள் இந்த நகரத்தில் நிறைய இருக்கின்றன.

முதலில் பையன். அவனுக்குப் போட்ட ஒரு டோஸ் வீணாகவில்லை. ஒன்பது மாதத்தில் போடும் ஊசி நூறு குழந்தைகளில் சுமார் 85 பேருக்குப் பிடிக்கும். மீதிப் பேருக்குப் பிடிக்காமல் போக முக்கியமான காரணம், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் அந்த வயதில் கொஞ்சம் மிச்சம் இருந்து ஊசி மருந்தை அமுக்கிவிடுவதுதான். யாருக்குப் பிடித்தது, யாருக்குப் பிடிக்கவில்லை என்று குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் எல்லோருக்கும் இரண்டாவது டோஸ். பலர் இதை பூஸ்டர் என்று நினைத்து, 'ஏற்கெனவே இருக்கிற பலத்தைக் கொஞ்சம் கூட்டத்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுகிறார்கள். தட்டம்மை விஷயத்தில் அது சரியில்லை. முதல் டோஸ் பிடிக்காத குழந்தைக்கு இரண்டாவது டோஸ்தான் உண்மையில் முதல் டோஸ்.

தேதி தாண்டிவிட்டதே, முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். அரசுத் திட்டத்தில் ஐந்து வயது வரை எம்.ஆர். போடுகிறார்கள். அதே வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊசியின் பூஸ்டரும் போலியோ சொட்டு மருந்தும் அவனுக்கு விட்டுப்போயிருக்கும். தொண்டை அடைப்பானுக்கும் கக்குவான் இருமலுக்கும் அந்த முத்தடுப்பு ஊசிதான் காவல். ஒரே நாளில் கையில் ஒன்று, தொடையில் ஒன்று என்று போட்டுக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது. லேசான சளி இருமல் இருந்தாலும் போடலாம். தனியார் மருத்துவரிடம் போனால் பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்து எம்.எம்.ஆர். போடுவார். அதுவும் கணக்கில் சேரும்.

கிருமி பட்ட 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ, வேகத்தைக் குறைக்கவோ வாய்ப்பு உண்டு. உங்கள் விஷயத்தில் அந்த நேரம் தாண்டியிருக்கும். தட்டம்மை தடிப்பு வருவதற்கு நாலு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். சனிக்கிழமை தடிப்பு என்றால் செவ்வாய்க்கிழமையிலிருந்தே அந்தப் பையன் மூச்சில் கிருமி இருந்திருக்கிறது. ஆனாலும் போடத்தான் வேண்டும். உங்கள் பையனுக்கு இன்னும் ஒட்டவில்லை என்றால், கட்டடத்தில் அடுத்த குழந்தைக்கு வரும்போது இந்த ஊசி அவனைக் காக்கும். ஒட்டியிருந்தாலும் ஊசியால் நோய் அதிகமாகாது.

ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். எம்.ஆர். போட்ட ஏழு முதல் பன்னிரண்டு நாளில் சில குழந்தைகளுக்கு லேசான காய்ச்சலும் மெல்லிய தடிப்பும் வரும். மேல்மாடியிலிருந்து நிஜத் தட்டம்மை வந்தாலும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் தெரியும். அதனால் 'ஊசிக் காய்ச்சல்தான்' என்று நீங்களாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும் முன் போனில் சொல்லிவிட்டுப் போங்கள். காத்திருக்கும் கூடத்தில் கைக்குழந்தைகள் இருப்பார்கள்.

இனி உங்கள் மாமியார். அவர் சொல்வதை நான் மூடநம்பிக்கை என்று ஒதுக்கமாட்டேன். வேப்பிலை கட்டிய வீட்டுக்கு வெளியாள் போகக்கூடாது, அந்த வீட்டார் வெளியே சுற்றக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை குழந்தை தெருவில் இறங்கக்கூடாது. கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் நம் பெரியவர்கள் கடைப்பிடித்த தனிமைப்படுத்தல் இது. பெரியம்மைக்கு இது மிகவும் பொருந்தியது, ஏனென்றால் பெரியம்மை பெரும்பாலும் உடம்பில் தடிப்பு தெரிந்த பிறகுதான் பரவும். வேப்பிலை கட்டும் நேரமும் நோய் பரவத் தொடங்கும் நேரமும் ஒன்றாக இருந்தது. தட்டம்மை அப்படியில்லை. வாசலில் வேப்பிலை ஏறுவதற்கு நாலு நாள் முன்பே அது மாடிப்படியில் இறங்கிவிட்டது. அந்த நாலு நாளில் பையனுக்கு வெறும் சளி, இருமல், கண் சிவப்பு, காய்ச்சல். அதைப் பார்த்து யாரும் விளையாட்டை நிறுத்துவதில்லை. அதனால் விலகியிருப்பதை மட்டும் நம்பித் தட்டம்மையிலிருந்து தப்ப முடியாது.

மாமியாருக்கு ஐம்பத்தைந்து, அறுபது வயது இருந்தால் அவர் கையில் வட்டமான பெரிய தழும்பு இருக்கும், பாருங்கள். அதை அவரே 'அம்மை குத்தின தழும்பு' என்பார். கிராமம் கிராமமாக அப்படிக் குத்தித்தான் இந்தியாவில் பெரியம்மை 1975-இல் முடிந்தது. அன்றைக்கு அவருடைய அம்மா அவரைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றதைத்தான் இன்றைக்கு நீங்கள் உங்கள் பையனுக்குச் செய்யப்போகிறீர்கள். நான் பார்த்தவரை, இப்படிப் பேசினால் பெரியவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர் தாங்களே பேரனைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வேப்பிலை இருக்கட்டும், கூழ் ஊற்ற வேண்டுமானால் ஊற்றட்டும். ஊசியும் மருத்துவமும் நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

அடுத்து பாப்பா. எனக்கு அதிகக் கவலை அவளைப் பற்றித்தான். பிறக்கும்போது உங்களிடமிருந்து அவளுக்கு எதிர்ப்புப் பொருள் போயிருக்கும். நம் பாட்டிமாருக்குத் தட்டம்மை நிஜமாகவே வந்து போயிருந்தது. அவர்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த காவல் அதிகம். ஊசியால் காவல் பெற்ற இன்றைய தாய்மாரிடமிருந்து குழந்தைக்குப் போவது அதைவிடக் குறைவு, சீக்கிரம் கரைந்தும் விடுகிறது. ஏழு மாதத்தில் நோயைத் தடுக்கும் அளவுக்குப் பெரும்பாலும் மிச்சம் இருக்காது. அவளுடைய முதல் எம்.ஆர். ஊசிக்கோ இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நடுவில் உள்ள இந்த இடைவெளியில் அவளுக்கு இருக்கும் காவல் வீட்டில் உள்ளவர்கள்தான். முக்கியமாக அவளை முத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கிற அண்ணன். அவன் கையில் போடும் ஊசி பாதி அவளுக்காக.

குழந்தை மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கிருமி பட்டு ஆறு நாளுக்குள் என்றால் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசி ஒன்று உண்டு. தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளை நேராக உடம்புக்குள் கொடுப்பது அது. நம் ஊரில் எல்லோருக்கும் கொடுப்பதில்லை, பாப்பாவுக்குத் தேவையா என்று அவர் பார்த்துச் சொல்வார். இரண்டாவது கேள்வி, உங்கள் பகுதியில் தட்டம்மை பரவல் என்று சுகாதாரத் துறை முடிவு செய்திருக்கிறதா என்பது. அப்படி இருந்தால் ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்கே ஒரு எம்.ஆர். டோஸ் போடச் சொல்வார்கள். ஆனால் அது கூடுதல் டோஸ். ஒன்பது மாதத்தில் ஒன்று, பதினாறு மாதத்துக்கு மேல் ஒன்று என்ற கணக்கில் அதைச் சேர்க்கக்கூடாது. 'ஏற்கெனவே போட்டாச்சே' என்று ஒன்பதாம் மாதத்தை விட்டுவிட்ட தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மேல்வீட்டுக்கு உதவி செய்யப் போவதானால், உங்களுக்கு ஊசியோ நோயோ வந்து போனது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போங்கள், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கட்டடத்தில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அவர் தன் மருத்துவரிடம் உடனே பேச வேண்டும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. ஊரில் இல்லாதது இங்கே ஏன்? இதை நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தொற்றுநோய் படிப்பவர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்டுவரும் கேள்வி இது.

1846-இல் வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. டென்மார்க் அரசு பீட்டர் பானம் என்ற இளம் மருத்துவரை அனுப்பியது. அந்தத் தீவுகளில் அதற்கு முன் 65 வருஷமாகத் தட்டம்மையே கிடையாது. மொத்த மக்கள் எட்டாயிரத்துக்கும் கீழே. அவர்களில் சுமார் ஆறாயிரம் பேருக்கு அந்த ஒரே பரவலில் வந்தது. ஆனால் 1781-இல் சிறுவயதில் தட்டம்மை வந்து பிழைத்திருந்த கிழவர்கள் ஒருவருக்கும் மறுபடி வரவில்லை. பரவல் முடிந்ததும் கிருமியும் போய்விட்டது. தொற்றுவதற்குப் புது ஆள் இல்லை. உங்கள் கிராமமும் ஒரு வகையில் தீவு மாதிரிதான். எப்போதாவது வெளியிலிருந்து வந்தாலும், கொஞ்சம் குழந்தைகளைப் பிடித்துவிட்டுத் தீனி தீர்ந்து அணைந்துவிடும்.

நகரத்தில் தீனி தீராது. 1957-இல் மாரிஸ் பார்ட்லெட் என்ற இங்கிலாந்துப் புள்ளியியல் அறிஞர் அந்த நாட்டு ஊர்களின் தட்டம்மைக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். சின்ன ஊர்களில் நோய் வந்து வந்து மறைந்தது. இரண்டரை முதல் மூன்று லட்சம் மக்களுக்கு மேல் உள்ள நகரங்களில் மட்டும் அது மறையவே இல்லை. அங்கே தினமும் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையே கிருமியை அணையாமல் வைத்திருக்கப் போதுமானதாக இருந்தது. அது ஊசி வருவதற்கு முந்தைய காலம். சென்னையின் மக்கள்தொகையை அந்த மூன்று லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே தினம் பிறக்கும் குழந்தைகளோடு, தினம் எழும்பூரிலும் கிளாம்பாக்கத்திலும் இறங்கும் குடும்பங்களின் குழந்தைகளும் சேர்ந்துகொள்கிறார்கள்.

அதோடு இந்தக் கிருமியின் வேகத்தையும் பாருங்கள். எதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் தட்டம்மை உள்ள ஒரு குழந்தை 12 முதல் 18 பேருக்குக் கொடுக்கும். இருமிவிட்டுப் போன இடத்தில் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி நிற்கும். உங்கள் வீட்டு மாடிப்படி போல ஜன்னல் இல்லாத இடம் அதற்கு வசதி. எதிர்ப்பு இல்லாமல் அருகில் இருந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வந்துவிடும். ஆகவே நூற்றுக்கு 95 குழந்தைகளுக்காவது இரண்டு டோஸும் போய்ச் சேர்ந்தால்தான் நகரத்தில் இது நிற்கும். 90 என்பது பரீட்சையில் நல்ல மார்க், இங்கே போதாது. ஒரு தெருவில் நூறு குழந்தைகளில் தொண்ணூறு பேருக்கு முதல் டோஸ் மட்டும் போட்டிருக்கிறது என்று வையுங்கள். அதில் 85 சதவீதம் பேருக்குப் பிடித்தால் காவல் உள்ளவர்கள் 76 பேர்தான். மீதி 24 பேர் ஒரே தெருவில், ஒரே அங்கன்வாடியில், ஒரே மொட்டைமாடியில்.

2022-இல் மும்பையில் நடந்ததும் இதுதான். கோவண்டி, மான்குர்த் பகுதிகள் நெருக்கமான குடிசைப் பகுதிகள், பிழைப்புக்கு வந்த குடும்பங்கள் அதிகம். கொரோனா காலத்தில் ஊசி விட்டுப்போன குழந்தைகள் அங்கே இரண்டு வருஷமாகச் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அந்த வருஷக் கடைசியில் தட்டம்மை புகுந்து நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பிடித்தது, உயிர்களையும் கொண்டுபோனது. மத்திய அரசு குழு அனுப்பியது. ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லோருக்கும் கூடுதல் டோஸ், நோயாளிகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒன்பது மாதத்துக்குக் கீழே உள்ளவர்களாக இருந்தால் ஆறு மாதக் குழந்தைகளுக்கும் ஒரு டோஸ் என்று சொல்லப்பட்டது. அந்தக் கைக்குழந்தைகளின் பெற்றோர் எதையும் தவறவிடவில்லை, அவர்களின் ஊசித் தேதி இன்னும் வந்திருக்கவில்லை. உங்கள் பாப்பாவின் நிலையும் அதுதான்.

இதையெல்லாம் நான் உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி, "யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை" என்பது. கேட்டிருக்க வேண்டியது எங்கள் தரப்பு. பாப்பாவோடு இரண்டு வயதுப் பையனும் நிற்கும்போது, 'அவனுக்கு எல்லாம் போட்டாச்சாம்மா?' என்று கேட்க அரை நிமிஷம் ஆகாது. கிராமத்தில் நர்ஸம்மாவுக்கு உங்கள் வீடு தெரியும், எத்தனையாவது மாதம் என்று தெரியும், நீங்கள் போகாவிட்டால் வாசலுக்கே வந்து கூப்பிடுவார். நகரத்தில் வாடகை வீடு மாறுகிறவர்கள் யாருடைய பட்டியலிலும் சீக்கிரம் ஏறுவதில்லை. ஊர்ப் பட்டியலில் 'குடிபெயர்ந்தார்கள்', இங்கே பெயரே இல்லை. நகர்ப்புறத்துப் பிள்ளைகளின் ஊசி பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் விழுகிறது. நான் பணியைத் தொடங்கிய வருஷங்களில் இப்படி ஒரு வீட்டு எட்டு மாதக் குழந்தையைத் தட்டம்மை நிமோனியாவோடு பார்த்தேன். அக்காவிடமிருந்து வந்தது. அக்காவின் இரண்டாவது டோஸ் வீடு மாறினபோது விட்டுப்போயிருந்தது. அன்றிலிருந்து கூட வரும் குழந்தையின் அட்டையையும் கேட்காமல் நான் யாரையும் அனுப்புவதில்லை.

அட்டை தொலைந்ததால் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்ப காலத்தில் உங்களுக்குக் கொடுத்த பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்த எண்) பழைய போனிலோ பிரசவக் காகிதத்திலோ இருக்கும், தேடுங்கள். ஊர் நர்ஸம்மாவுக்குப் போன் செய்தால் அவர் பதிவேட்டைப் பார்த்து, போட்ட தேதிகளை வாட்ஸப்பில் படம் எடுத்தே அனுப்பிவிடுவார். எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் உங்களுக்கு நினைவில் உள்ளதைச் சொல்லி எம்.ஆர். போட்டுக்கொள்ளலாம். ஒரு டோஸ் அதிகமாகிவிட்டால் கெடுதல் இல்லை. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அங்கே உங்கள் இரண்டு குழந்தைகளின் பெயரையும் இந்த முகவரியில் பதியச் சொல்லுங்கள். மேல்மாடியில் தட்டம்மை இருப்பதையும் சொல்லுங்கள். அது புகார் அல்ல. அவர்கள் வந்து ஆறு குடித்தனத்திலும், பக்கத்துத் தெருவிலும் விட்டுப்போன பிள்ளைகளைத் தேடிப் போடுவார்கள்.

அடுத்த மூன்று வாரம் இரண்டு பேரையும் கவனியுங்கள். கிருமி பட்டு இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும், சிலருக்கு 21 நாள் வரை ஆகும். காய்ச்சல், மூக்கொழுகல், இருமல், கண் சிவப்பு, பிறகு காதுக்குப் பின்னாலும் முகத்திலும் தொடங்கிக் கீழே இறங்கும் தடிப்பு. இதில் பயப்பட வேண்டியது மூச்சைத்தான். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். பாப்பாவுக்கு 50-ம் அதற்கு மேலும், பையனுக்கு 40-ம் அதற்கு மேலும் இருந்தால், அல்லது மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிந்தால் உடனே ஆஸ்பத்திரி. பால் குடிக்காமல் இருப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, வலிப்பு, கருவிழி மங்குவது, இவற்றுக்கும் அப்படியே. இரவென்றும் பார்க்க வேண்டாம்.

கடைசியாக மேல்வீட்டுப் பையன். தடிப்பு அடங்கியதும் நோய் முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். தட்டம்மை, உடம்பு ஏற்கெனவே கற்றுவைத்திருந்த எதிர்ப்பு ஞாபகத்தையும் அழித்துவிட்டுப் போகிறது. நெதர்லாந்தில் ஊசி போடாத பிள்ளைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மற்ற நோய்களுக்கு எதிராக அவர்களிடம் இருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. ஆகவே அடுத்த பல மாதங்களுக்கு அவனுக்குச் சளியோ பேதியோ வந்தால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேதியானால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர். பத்தியம் என்று சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். இளநீர், மோர், கஞ்சி, முட்டை எதுவும் தரலாம். தடிப்பு வந்த நாளிலிருந்து நாலு நாள் கழியும்வரை மற்றப் பிள்ளைகளோடு சேராமல் இருக்கட்டும்.

இன்று அவன் அம்மாவைப் போனில் கூப்பிட்டு ஒன்று கேளுங்கள். தட்டம்மை வந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ மருந்தை அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுக்க வேண்டும். கண்ணையும் உயிரையும் காப்பாற்றுகிற மருந்து அது, அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதல் நாள் டோஸை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிடுவார்கள். இரண்டாவது நாள் டோஸ் கொடுத்தாச்சா என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் இன்றைக்கே போகச் சொல்லுங்கள்.